ஊட்டி போகாத ஒரு கோடை: குழந்தைகளோடு நிதானமாக ஊரைப் பார்க்க ஆரம்பிப்பவர்களுக்கு

சித்திரை பிறந்து பரீட்சையும் முடிந்துவிட்டால், கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: இந்த லீவுக்கு எங்கே போவது? பாதிப் பேர் ஊட்டி என்று முடிவு செய்வார்கள். 2024 மே மாதத்திலிருந்து அதற்கு இ-பாஸ் வேறு வந்துவிட்டது. அதையும் எடுத்து, மேட்டுப்பாளையம் தாண்டி வண்டிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மேலே போய் நிறுத்த இடம் தேடி, ஒரு பூங்காவைச் சுற்றிவிட்டு இறங்கினால் இரண்டு நாள் ஓடியிருக்கும். மலை குளிர்ச்சியாகத்தான் இருக்கும், அதில் சந்தேகமில்லை. ஆனால் குழந்தைகளோடு உட்கார்ந்து ஒரு மரத்தையோ ஒரு குருவியையோ ஆற அமரப் பார்க்க அந்தப் பயணத்தில் நேரம் கிடைப்பதில்லை.

அப்படிப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தோட்டம் காடு (இந்தப் பக்கம் காடு என்றால் விளைநிலம்தான்) பக்கமே போகாமல் வளர்ந்தவர்கள், அடுக்குமாடியில் இருப்பவர்கள், வேலைக்காக இந்தப் பக்கம் குடிவந்தவர்கள் என்று யார் வேண்டுமானாலும் செய்யலாம். செலவும் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். வீட்டிலிருந்து அரை மணி நேரத்துக்குள் போகக்கூடிய ஓர் இடத்தைப் பிடியுங்கள். லீவு முழுக்க அந்த ஒரே இடத்துக்கே திரும்பத் திரும்பப் போங்கள். முதல் தடவை எல்லாம் ஒரே காய்ந்த புதராகத்தான் தெரியும். நாலைந்து தடவை போன பிறகு எந்தக் கிளையில் கரிச்சான் உட்காரும், எந்தப் பொந்தில் மைனா நுழையும் என்று பிள்ளைகளே உங்களுக்குச் சொல்லுவார்கள். புது இடம் தேடி ஓடிக்கொண்டே இருந்தால் இது வாய்க்காது.

நேரம்தான் முதலில்

அக்னி நட்சத்திரம் மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை போகும். கோயமுத்தூராவது பரவாயில்லை, ஈரோடு, கரூர் பக்கமெல்லாம் 40 டிகிரி சர்வசாதாரணம். அதனால் பத்து மணிக்குக் கிளம்பி இயற்கையை ரசிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். பிள்ளைகளுக்குத் தலைவலியும் உங்களுக்குக் கோபமும்தான் மிஞ்சும்.

விடியக்காலம்பர ஐந்தேமுக்காலுக்கு வீட்டை விட்டுக் கிளம்பி எட்டு மணிக்குள் திரும்பிவிடுங்கள். அது முடியாதவர்கள் வெயில் தாழ ஐந்து மணிக்குப் போகலாம். என்னைக் கேட்டால் காலைதான். பறவைகள் அப்போதுதான் வெளியே வரும், மண்ணும் சுடாது. லீவு நாளில் பிள்ளைகளை எப்படி எழுப்புவது என்று கேட்பீர்கள். முந்தின ராத்திரி ஒன்பது மணிக்குப் படுக்க வைத்தால் தன்னால் எழுந்துவிடுவார்கள். பெரியவர்களும் அதே நேரத்துக்குப் படுக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

எடுத்துப்போக வேண்டியவை: ஆளுக்கு ஒரு தண்ணீர் பாட்டில், தொப்பி அல்லது துண்டு, மூடிய செருப்பு அல்லது ஷூ, கொஞ்சம் பொரிகடலை அல்லது எள்ளுருண்டை, சின்ன நோட்டு ஒன்று. பைனாகுலர் இருந்தால் சரி, இல்லாவிட்டாலும் குறையில்லை.

எந்த இடம்?

சொந்தத்தில் யாருக்காவது தோட்டம் இருந்தால் உங்கள் தேடல் அங்கேயே முடிந்தது. அம்மிச்சி (அம்மாவின் அம்மா) வீடோ பெரியம்மா வீடோ, கட்டுத்தரையும் கிணறும் நாலு தென்னையும் இருக்கிற சாளை (தோட்டத்து வீடு) போதும். இல்லாதவர்களுக்கு நான் முதலில் சொல்வது இட்டேரிதான்.

இரண்டு பக்கமும் உயிர்வேலி, நடுவில் வண்டித்தடம். பல்லடம், காங்கயம், அவிநாசி, தாராபுரம் பக்கத்துக் கிராமங்களில் இன்னும் மிச்சமிருக்கின்றன. வேலியை நெருங்கி நின்று பாருங்கள். கிளுவைக் குச்சிகள், திருகுகள்ளி, அதன் மேல் ஏறிய பிரண்டை, கோவைக்கொடி, வேலிப்பருத்தி, முடக்கத்தான். எங்காவது கறுப்புப் பொட்டோடு சிவப்பாகக் குன்றிமணி. ஒரு வேலிக்குள்ளேயே ஓணான், அணில், கீரி, கௌதாரி, தவிட்டுக்குருவிக் கூட்டம் எல்லாம் குடியிருக்கும். கோடையில் கிளுவை இலை உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும், செத்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நல்ல கோடை மழை விழுந்தால் சில நாளில் துளிர்த்துவிடும். மழைக்கு முன்னால் ஒரு தடவையும் பின்னால் ஒரு தடவையும் ஒரே வேலியைப் பார்த்த பிள்ளைக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்தவே தேவையில்லை.

காடுகளை வீட்டுமனை சைட் போடும்போது முதலில் போவது இந்த வேலிகள்தான். ஒரே நாளில் ஜேசிபி வந்து வழித்துவிட்டுக் கம்பிவேலி போட்டுவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாக வளர்ந்த வேலி அது, திரும்ப வராது. அதனால் பக்கத்தில் ஒரு இட்டேரி இருந்தால் இந்தக் கோடையிலேயே பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள்.

காங்கயம், வெள்ளகோவில் பக்கம் போக முடிந்தால் கொறங்காடு பாருங்கள். கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் நிலம். உள்ளே கொழுக்கட்டைப்புல், ஆங்காங்கே வெள்வேல மரம். கோடையில் புல் காய்ந்துவிட்டால் வெள்வேலங்காய்தான் ஆடுகளுக்குத் தீனி. காங்கயம் மாட்டுக் கன்றைக் குட்டியாகப் பார்த்தால் செவலையாக (செம்பழுப்பாக) இருக்கும், வளர வளரத்தான் மயிலை (சாம்பல்) நிறத்துக்கு மாறும். தாயும் கன்றும் வேறு வேறு நிறத்தில் நிற்பதைப் பிள்ளைகள் நம்பவே மாட்டார்கள். ஆனால் கொறங்காடு ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. கேட்காமல் படலைத் திறக்க வேண்டாம். "குழந்தைகளுக்கு மாடு காட்டலாமுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள், மாட்டேன் என்று சொல்கிறவர்கள் குறைவு. வெளியே வரும்போது படலைச் சாத்துங்கள், அதை மறந்தால் ஆடுகள் ரோட்டுக்கு வந்துவிடும்.

டவுனுக்குள்ளேயே இருப்பவர்களுக்குக் குளத்துக்கரை. கோவையில் சிங்காநல்லூர் குளம். திருப்பூரில் ஊத்துக்குளி ரோட்டில் சர்க்கார் பெரியபாளையம் பக்கம் நஞ்சராயன் குளம், பறவைகள் சரணாலயம். 2024-ல் அதற்கு, சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம் என்கிற ராம்சார் அந்தஸ்தும் கிடைத்தது. ஈரோட்டுக்காரர்களுக்குச் சென்னிமலை போகும் வழியில் வெள்ளோடு பறவைகள் சரணாலயம். அது 2022-லேயே ராம்சார் பட்டியலில் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டுப் பறவைகள் பெரும்பாலும் பங்குனிக்குள் கிளம்பிவிடும் என்பதால் கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள். நீர்க்காகம், கொக்கு, மீன்கொத்தி, தாழைக்கோழி என்று நம் ஊர்ப் பறவைகளே ஆரம்பிப்பவர்களுக்கு அதிகம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். தடாகம், தொண்டாமுத்தூர், ஆனைகட்டி, மேட்டுப்பாளையம், சத்தியமங்கலம் அடிவாரங்களில் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் பிள்ளைகளோடு நடக்க வேண்டாம். யானை நடமாடும் நேரம் அது. அந்தப் பக்கம் வீடு இருந்தால் ஊர்க்காரர்களைக் கேட்டு, நன்றாக விடிந்த பிறகு ஊருக்குள்ளேயே சுற்றுங்கள்.

முதல் நாள்

போனதும் நடக்க ஆரம்பிக்காதீர்கள். ஒரு புங்கமரமோ வேப்பமரமோ பார்த்து அடியில் துண்டை விரித்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். போனைச் சைலண்டில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள். பிள்ளைகள் போன் பார்க்கிறார்கள் என்று புலம்புகிற நாமே, ஒரு மயில் வந்தால் முதலில் போனைத்தான் எடுக்கிறோம். படம் எடுக்கிற அவசரத்தில் மயிலையே பார்க்காமல் விட்டுவிடுவோம். கூட்டிப்போகிற பெரியவர் போனைத் தொடாமல் இருந்தால் பிள்ளைகள் ஒரு வாரத்தில் அதைக் கேட்பதையே குறைத்துவிடுவார்கள்.

முதல் ஐந்து நிமிடத்தில் "போரடிக்குது" என்று ஒரு குரல் வரும். பதறிப்போய் விளையாட்டுக் காட்ட வேண்டாம், "சரி கண்ணு, சும்மா உக்காரு" என்று விட்டுவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் கை மண்ணைக் கிளறும். கண் எறும்பைத் தேடும். நீங்கள் காத்திருப்பது அதற்காகத்தான்.

கேள்வி கேட்டுச் சோதிக்கவும் வேண்டாம். இது என்ன மரம், இதற்குத் தாவரவியல் பெயர் என்ன என்று ஆரம்பித்தால் பள்ளிக்கூடம் திரும்ப வந்துவிட்டது என்று பிள்ளை முகம் சுண்டிவிடும். பெயர் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள், நோட்டில் படம் வரைந்து வையுங்கள், தோட்டத்துக்காரரிடம் கேட்டுக்கொள்ளலாம். சித்திரையில் புங்கம்பூ கொட்டி மரத்தடி முழுக்க வெளிர் ரோஜா நிறத்தில் கிடக்கும். அதைக் கையில் அள்ளிப் பார்க்கப் பெயர் எதற்கு?

இரண்டாவது, மூன்றாவது நாள் ஆளுக்கு ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். அதில் ஒரு சின்னக் கிளையில் நூல் கட்டிவிட்டு, போகும்போதெல்லாம் அந்தக் கிளையை மட்டும் பார்ப்பது. எத்தனை புது இலை, பூ காயாகிவிட்டதா, எறும்பு ஏறுகிறதா என்று தேதி போட்டு எழுதலாம், வரையலாம். எட்டு வயதுக்கு மேல் இருக்கிற பிள்ளைகளுக்கு இது நன்றாகப் பிடிக்கும்.

மூன்று சின்ன ஜீவன்கள்

எதைப் பார்ப்பது என்று தெரியாதவர்கள் இந்த மூன்றில் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கலாம். மூன்றும் இந்த வெயில் காலத்தில் எளிதாகக் கிடைக்கும்.

முதலாவது குழியானை. சாளை ஓரம், மாட்டுக்கொட்டகை ஓரம், மரத்தடி என்று மழை படாத புழுதியில் சின்னச் சின்னப் புனல் மாதிரி குழிகள் இருக்கும். குப்புறப் படுத்து ஒரு குழியை மட்டும் பாருங்கள். எறும்பு ஒன்று விளிம்பில் கால் வைத்தால் மண் சரியும். ஏற ஏற வழுக்கும். அடியில் புதைந்திருக்கிற பூச்சி தலையால் மண்ணை வாரி மேலே வீசும், எறும்பு மறுபடி கீழே வரும். கொடுக்கு இரண்டும் மண்ணுக்கு வெளியே நீள்வதும் எறும்பு உள்ளே போவதும் ஒரு நொடிதான். கண் சிமிட்டினால் போச்சு. அப்புறம் குழியை மெல்லத் தோண்டி அந்தப் பூச்சியை உள்ளங்கையில் விட்டால் பின்பக்கமாகவே நகரும், முன்னால் போகவே போகாது. வளர்ந்தால் தட்டான் மாதிரி இறக்கையோடு பறக்கிற பூச்சி அதுதான். பார்த்து முடித்ததும் திரும்பப் புழுதியிலேயே விட்டால் மறுநாள் புதுக் குழி போட்டிருக்கும்.

இரண்டாவது ஆட்காட்டிக் குருவி. கண்ணோரம் சிவப்புத் தோலும் மஞ்சள் காலுமாக உழுத காட்டில் ஓடித் திரியும். பங்குனியிலிருந்து ஆடி ஆவணி வரை முட்டையிடுகிற காலம். கூடு என்று எதுவும் கட்டாது, வெறும் தரையில் கூழாங்கல் நடுவில் நாலு முட்டை. கல்லுக்கும் முட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்தினால், கிட்டே முட்டை இருக்கிறது என்று பொருள். பிள்ளைகளை அப்படியே நிறுத்தி, காலடியைப் பார்த்துப் பார்த்து வந்த வழியே பின்வாங்குங்கள். தூரத்தில் உட்கார்ந்து பார்த்தால் அது திரும்பி வந்து முட்டை மேல் உட்காரும். இந்த வெயிலில் முட்டை நிழல் இல்லாமல் சில நிமிடம் கிடந்தாலும் கெட்டுவிடலாம். அதனால் முட்டையைத் தேடிப் போகவே கூடாது.

மூன்றாவது எருக்கு. யாரும் சீந்தாமல் ரோட்டோரம் நிற்கிற செடி. இலைக்கு அடியில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வளையம் போட்ட புழு இருக்கிறதா என்று பாருங்கள். அது வெந்தய வரியன் என்கிற பட்டாம்பூச்சியின் புழு. அடுத்தடுத்துப் போய்ப் பார்த்தால் பச்சை நிறத்தில் கூட்டுப்புழு தொங்குவதும் கிடைக்கும். எருக்கம்பால் கண்ணில் பட்டால் ஆபத்து, இலையைக் கிள்ள விடாதீர்கள்.

கிணறும் நீச்சலும்

கொங்கு நாட்டுப் பிள்ளைகள் நீந்தக் கற்றது கிணற்றில்தான். இடுப்பில் கயிறு, முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, மேலே கயிற்றைப் பிடித்தபடி மாமனோ சித்தப்பனோ. இப்போது சுரைக்குடுக்கைக்குப் பதிலாகக் காலி பிளாஸ்டிக் கேன் கட்டுகிறார்கள். பிள்ளைகளுக்கு ஒரு கோடையில் இதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது என்பது என் எண்ணம். ஆனால் விதிகளை மீறவே கூடாது.

இறங்குவதற்கு முன்னால் மோட்டாரின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, யாரும் போடாதபடி ஓர் ஆளை அங்கே நிறுத்துங்கள். ஒரு பிள்ளைக்கு நன்றாக நீந்தத் தெரிந்த ஒரு பெரியவர் தண்ணீருக்குள்ளேயே இருக்க வேண்டும், மேலே நின்று பார்ப்பது கணக்கில் சேராது. படி உடையாமல் பாசி இல்லாமல் இருக்கிறதா என்று முதலில் பெரியவர் இறங்கிப் பார்க்க வேண்டும். கோடையில் தண்ணீர் கீழே போயிருக்கும், போன வருஷம் குதித்த இடத்தில் இந்த வருஷம் பாறை இருக்கலாம். அதனால் மேலிருந்து குதிப்பதே வேண்டாம். முதல் சில நாள் படியில் உட்கார்ந்து காலை அடிப்பது, அப்புறம் கயிற்றோடு மிதப்பது, அப்புறம் எதிர்ப்படி வரை போவது. அவசரப்படாமல் போனால் லீவு முடிவதற்குள் பெரும்பாலான பிள்ளைகள் மிதக்கக் கற்றுவிடுவார்கள்.

தண்ணீர் ஓடும் வாய்க்காலில் இறக்கவே வேண்டாம். கீழ்பவானி, பிஏபி (பரம்பிக்குளம் ஆழியாறு) வாய்க்கால்கள் பார்க்க அமைதியாகத் தெரியும். இழுவை அதிகம், சிமெண்ட் போட்ட இடங்களில் சரிவில் கை பிடிக்க ஒன்றும் இருக்காது, நீச்சல் தெரிந்தவர்களே வெளியேற முடியாமல் போயிருக்கிறார்கள். கரையில் நடக்கலாம், உட்காரலாம். பவானியில் தொடங்கிக் கொடுமுடி பக்கம் வரை போகும் காலிங்கராயன் வாய்க்காலின் கரை அதற்கு அருமையான இடம். 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால், இன்னமும் வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. ஒரு பக்கம் மஞ்சள் காடும் வாழையும், மறுபக்கம் தென்னையும் பனையுமாகப் பொழுதோட நடந்து பாருங்கள்.

நொங்கு

சித்திரை, வைகாசியில் ரோட்டோரம் நுங்குக் குலை குவிந்திருக்கும். கடைக்காரர் சீவித் தரும் வெள்ளை நுங்கைப் பாக்கெட்டில் வாங்காமல் முழுக்காயாக வாங்குங்கள். "இளசாப் பார்த்துக் கொடுங்க, பிள்ளைங்க கையில நோண்டித் தின்பாங்க" என்று சொன்னால் மேல்பக்கம் மட்டும் சீவித் தருவார். மூன்று கண் தெரியும். பெருவிரலை விட்டு நோண்டி உறிஞ்ச வேண்டும். சட்டை கறையாகும், பழைய சட்டை போட்டுக் கூட்டிப்போங்கள்.

தின்ற கூந்தலை (நுங்கு எடுத்த வெறுங்காயை) தூக்கிப் போடாதீர்கள், வண்டி செய்யலாம். ஒரே அளவுள்ள இரண்டு கூந்தல், நடுவில் செருக ஒரு சாண் குச்சி, தள்ளுவதற்குக் கவட்டை உள்ள நீளக்குச்சி ஒன்று. குறுக்குக்குச்சியின் இரு முனையிலும் கூந்தலைக் குத்தி, நடுவில் கவட்டையை வைத்துத் தள்ளினால் ஓடும். கூந்தல் காய்ந்துவிட்டால் குச்சி இறங்காது, அன்றைக்கே செய்துவிட வேண்டும். தாத்தா பாட்டி இருந்தால் இந்த வேலையை அவர்களிடம் விட்டுவிடுங்கள்.

அப்படியே தெளுவு (பதநீர்) கிடைத்தால் காலையிலேயே குடித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் புளிக்க ஆரம்பிக்கும். வீடு திரும்பியதும் கம்மங்கூழில் மோர் ஊற்றிச் சின்ன வெங்காயம் கடித்துக் குடித்தால் மத்தியானம் வரை வேறு எதுவும் தேவைப்படாது.

மத்தியானம்

பதினொன்றிலிருந்து நாலு வரை வீட்டுக்குள். பல்லாங்குழி, தாயம், அஞ்சாங்கல், தூக்கம். அந்த நேரத்தையும் ஏதாவது வகுப்பில் சேர்த்து நிரப்ப வேண்டாம் என்பது என் கருத்து. குயில் கூவுவது கேட்கும், அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்கட்டும்.

ராத்திரி

மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால் அதுவே போதும். மே மாதம் எட்டு மணி வாக்கில் வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலம் நிற்கும். அதன் வால் வளைகிற வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் ஆரஞ்சு நிறத்தில் பளிச்சென்று சுவாதி, இன்னும் நீட்டினால் வெள்ளையாகச் சித்திரை நட்சத்திரம். சித்ரா பௌர்ணமி சமயத்தில் நிலா அதன் பக்கம்தான் இருக்கும். தெற்கே அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே சிலுவை வடிவில் திரிசங்கு தெரியும், டவுன் வெளிச்சம் இல்லாத இடமாக இருந்தால் நன்றாகவே தெரியும். பொழுது இன்னும் போகட்டும், தென்கிழக்கில் சிவப்பாகக் கேட்டை ஏறி வரும்.

தோட்டத்தில் வெளியே படுப்பதானால் தரையில் வேண்டாம், கயித்துக்கட்டிலில் கொசுவலை கட்டிப் படுங்கள். கட்டுவிரியன் ராத்திரியில்தான் நடமாடும், தரையில் தூங்குகிறவர்களைக் கடித்தால் பல சமயம் வலியே தெரியாது. இருட்டில் ஓரடி வைத்தாலும் டார்ச்சும் செருப்பும் வேண்டும். ஒருவேளை கடித்துவிட்டால் கீறுவது, இறுக்கிக் கட்டுவது, மந்திரிப்பது எதுவும் வேண்டாம். கடிபட்டவரை நடக்கவிடாமல், 108-ஐ அழைத்து நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள். பகலில் காட்டில் ஓடுவது பெரும்பாலும் சாரையாகத்தான் இருக்கும், அதற்கு விஷம் இல்லை. ஆனால் எந்தப் பாம்பாக இருந்தாலும் ஒதுங்கி வழிவிடுவதுதான் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டியது. அடிக்கக் கூடாது.

கோடை மழை

எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஆனால் வரும். அதற்கு முன்னால் எறும்பு முட்டையைத் தூக்கிக்கொண்டு மேடு தேடிப் போவதையும், தட்டான் தாழப் பறப்பதையும் காட்டுங்கள். "எறும்பு முட்டை கொண்டு திட்டை ஏறினால் மழை வரும்" என்று பெரியவர்கள் சொல்வதை நோட்டில் எழுதி வைத்து, எத்தனை தடவை பலித்தது என்று பிள்ளைகளே கணக்குப் பார்க்கட்டும்.

கோடை மழைக்கு இடி மின்னல் அதிகம். வானம் கறுத்தால் திறந்த காட்டிலோ மரத்தடியிலோ நிற்காமல் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். பனைமரத்துப் பக்கம் போகவே கூடாது. மழை விட்டு இடிச்சத்தமும் அடங்கி அரை மணி நேரம் ஆன பிறகு வெளியே போங்கள். விளக்கடியில் ஈசல் மொய்க்கும். மறுநாள் காலை செம்மண் காட்டில் குனிந்து பார்த்தால் சிவப்பு வெல்வெட் துணியில் வெட்டி எடுத்தது போலப் பட்டுப்பூச்சிகள் ஊரும். கையில் ஏற்றிப் பார்க்கலாம், ஒன்றும் செய்யாது. பெட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் செத்துவிடும்.

ஈரம் காய்வதற்குள் ஏர் பூட்டுவார்கள், இப்போது டிராக்டர்தான். "கோடை உழவு கோடி நன்மை" என்பார்கள். மண் புரள்வதால் உள்ளே இருக்கிற கூட்டுப்புழுக்கள் வெயிலில் காயும், அடுத்த மழைத் தண்ணீரும் நன்றாக இறங்கும். உழுகிற டிராக்டருக்குப் பின்னாலேயே கொக்கும் மைனாவும் நடந்து வரும், ஏன் வருகின்றன என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்க விடுங்கள்.

பெரியவர்களைக் கேளுங்கள்

உங்களுக்குத் தெரியாதது முக்கால்வாசி வீட்டில் இருக்கிற அப்பாருக்கோ (தாத்தாவுக்கோ) அம்மிச்சிக்கோ தெரியும். அவர்களை உட்கார வைத்து "உங்க காலத்துல எப்படி இருந்துச்சு" என்று பொதுவாகக் கேட்டால் பேச்சு நீளாது. கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். பேத்தி ஒரு பிரண்டைத் துண்டைப் பறித்து வந்து "அம்மிச்சி, இது என்னதுங்?" என்று கேட்டால் போதும். "எங்க புடிச்ச சாமி இத? எங்க பழைய தோட்டத்து வேலியில அண்டிப்போய்க் கெடக்கும்" என்று ஆரம்பித்து, துவையல் அரைப்பதிலிருந்து அந்த வேலியைக் கட்டியவர் பேர் வரை வந்துவிடும். மறுநாள் காலை அவரையும் கூட்டிப்போங்கள். மெதுவாகத்தான் நடப்பார், பிள்ளைகளுக்கு வேண்டியதும் அந்த வேகம்தான்.

பள்ளி திறந்த பிறகு

வைகாசி கடைசியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று ஏற ஆரம்பிக்கும், வெயில் தணியும். அதோடு பள்ளியும் திறந்துவிடும். ஞாயிறு காலை ஒரு மணி நேரம் மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். நூல் கட்டிய கிளை அங்கேதான் இருக்கும். தூக்கணாங்குருவிகள் கூடு பின்னுவதும் இனிமேல்தான், கிணற்றுக்கு மேல் தொங்கும் கிளையிலோ பனையோலையிலோ பார்க்கலாம்.

ஆனி, ஆடியில் வேப்பம்பழம் உதிரும். பிள்ளைகளை விட்டு ஒரு மஞ்சப்பை நிறையப் பொறுக்கச் சொல்லுங்கள். சதையைக் கழுவி, நிழலில் உலர்த்தி, இரண்டு வாரத்துக்குள் விதைத்துவிட வேண்டும், வேப்பங்கொட்டைக்கு முளைப்புத்திறன் சீக்கிரம் போய்விடும். பால் கவரில் ஓட்டை போட்டுச் செம்மண்ணும் சாணிஎருவும் கலந்து நிரப்பி, கவருக்கு இரண்டு கொட்டை போடுங்கள். தண்ணீர் தெளிப்பது பிள்ளைகள் பொறுப்பு. இரண்டு மூன்று வாரத்தில் முளைத்துவிடும். ஐப்பசி மழைக்கு அதை எங்கே நடுவது என்று இப்போதே ஓர் இடம் பார்த்துச் சொந்தக்காரரிடம் கேட்டு வையுங்கள், இட்டேரி ஓரமாக இருந்தால் நல்லது.